கிராவோய் சாலைக்கு இந்தப் பக்கம்

ஆர்லன் கெஸ்லரின் வீட்டுக்கு அறுபத்தெட்டாயிரம் டாலர் என்று விலை பேசி, அக்ரிமென்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்த லவோனா பிரிட்ஜஸ், காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டுத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். அவளுடைய முதல் வீடு அது. அந்த வீட்டை வாங்கும் அளவுக்கு அவளிடம் பணம் இருந்ததா என்றால், அந்த மாதத்துக் கார் தவணைக்கே அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொழிலில் யாரும் வீட்டை வாங்குவதில்லை. வாங்கும் உரிமையை மட்டும் எழுதி வாங்குகிறார்கள். கவனிப்பாரற்றுக் கிடக்கும் வீடாகப் பார்த்து, சொந்தக்காரரிடம் விலை பேசி, இன்ன கெடுவுக்குள் 'நானோ நான் காட்டும் ஆளோ' வாங்கிக்கொள்வோம் என்று அக்ரிமென்ட் போட வேண்டும். பிறகு ரொக்கம் வைத்திருக்கும் ஒரு பார்ட்டியைத் தேடிப் பிடித்து, அக்ரிமென்டை அவர் பேருக்குக் கைமாற்றிவிட்டு, நடுவில் ஒரு தொகையை எடுத்துக்கொள்ள வேண்டும். செயின்ட் லூயிஸில் இதைச் செய்கிறவர்களுக்குக் குறைவில்லை. மின்கம்பத்துக்கு மின்கம்பம் 'உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்குகிறோம்' என்று மஞ்சள் அட்டை தொங்குவது அவர்கள் வேலைதான்.

லவோனா மருத்துவமனை ஒன்றில் பில் போடும் பிரிவில் பதினைந்து வருடம் இருந்தவள். அந்தப் பிரிவையே வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாற்பத்தொரு வயதில் இனி இன்னொருவரிடம் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்து இதில் இறங்கினாள். விலை சொல்வதற்கு ஒரு கணக்கு இருந்தது. அதை மனப்பாடம் செய்திருந்தாள். பழுது பார்த்து முடித்தால் வீடு என்ன விலைக்குப் போகும்? அதில் நூற்றுக்கு எழுபது எடு. பழுதுச் செலவைக் கழி. உன் கூலியைக் கழி. மிச்சம்தான் நீ சொல்ல வேண்டிய விலை. கெஸ்லரின் வீட்டைச் சுற்றி அரை மைலுக்குள் சமீபத்தில் என்னென்ன வீடு என்ன விலைக்குப் போனது என்று போனில் பார்த்தாள். போன் ஒரு வட்டம் போட்டுக் காட்டியது. வட்டத்துக்குள் இருந்த விலைகளைக் கூட்டி வகுத்துக் கணக்கைப் போட்டாள். கணக்கில் பிழை இல்லை.

பிழை வட்டத்தில் இருந்தது.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் குவின்டன். மாதத்துக்கு ஒரு முறை ஒரு பீட்சா கடையின் பின்னறையில் இந்தத் தொழில்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசுகிறவன். தானும் வீடு வாங்கிப் புதுப்பித்து விற்கிறவன். முதல் பார்ட்டியாக அவனைத்தான் லவோனா அழைத்து வந்திருந்தாள். அவன் வீட்டுக்குள்ளேயே போகவில்லை. நடைபாதையில் நின்று தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பார்வை பார்த்தான்.

"நாப்பது. அதுவே நீ நம்ம ஆளுங்கிறதால."

"என்ன குவின்டன், விளையாடறியா? அவருக்கே அறுபத்தெட்டு பேசியிருக்கேன்."

"எந்த வீட்டு விலைய வெச்சு பேசின? போனைக் காட்டு." வாங்கிப் பார்த்தவன் வாயைப் பொத்திக்கொண்டான். "அடி தாயே! இதெல்லாம் கிராவோய்க்கு அந்தப் பக்கம். பார்க்கு, காபிக்கடை, நாய்க்கு முடி வெட்டுற கடை, அதெல்லாம் அங்க. இங்க என்ன இருக்கு? டயர் கடை இருக்கு. ரோட்டைத் தாண்டினா வீட்டு விலை பாதிக்குப் பாதி. இது அந்த வட்டத்துக்குத் தெரியாது, உனக்குமா தெரியாது?"

லவோனாவுக்குத் தெரியாது. அவள் வளர்ந்தது நகர எல்லைக்கு வெளியே வடக்கே, நார்த் கவுண்டி என்கிற புறநகரில். அங்கே எந்தச் சாலை எதைப் பிரிக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். நகரின் தென்பகுதியில் கிராவோய் சாலை அவளுக்கு வெறும் நான்கு தடச் சாலை.

"இப்ப என்ன செய்யறது?" என்று கேட்டாள்.

"இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போடறியே! அக்ரிமென்ட்ல வீட்டைப் பரிசோதிச்சு விலையைக் குறைக்கவோ ரத்து பண்ணவோ டைம் இருக்கில்ல? நாளைக்குப் போ. கழிவுக் குழாய்ல கேமரா விட்டுப் பார்த்தோம், மண் குழாய் உடைஞ்சு வேர் ஏறிக் கிடக்குன்னு சொல்லு. இந்த ஊர்ல யார் வீட்டுக் குழாய்தான் உடையல? முப்பத்தொண்ணு குறைச்சுக்கோ, உனக்கும் மூணு நிக்கும். மனுசன் பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருப்பான், இனிமே வேற ஆளைத் தேட மாட்டான். ஒத்துக்குவான்."

"கேமராவே விடலையே."

"அவனுக்குத் தெரியுமா?" குவின்டன் கார் சாவியை விரலில் சுழற்றினான். "பிடிக்கலையா? அப்ப அக்ரிமென்டை ரத்து பண்ணிட்டு வேற வீட்டைப் பாரு. எல்லாரும் முதல் வீட்ல இப்படித்தான் அடிபடுவோம். அவனவன் அவனவன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போவோம்."

குவின்டன் போன பிறகு லவோனா அந்தச் சிவப்புச் செங்கல் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு குடும்ப வீடு அது. முன்பக்கம் இரண்டு கதவுகள் ஒட்டினாற்போல இருக்கும். ஒன்று கீழ்வீட்டுக்கு, மற்றது திறந்ததும் படி, மேல்வீட்டுக்கு. கீழ்வீட்டில் போன பனிக்காலம் தண்ணீர்க் குழாய் வெடித்துத் தரையெல்லாம் ஊறி எழும்பிவிட்டது. கெஸ்லர் மேலே இருந்தார். மதுபானக் கிடங்கில் வண்டி ஓட்டி இடுப்பு தேய்ந்துபோனவர். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்றுதான் ஏறுவார். டி சோட்டோ என்ற சிற்றூரில், வண்டியில் இழுத்து வந்து நிறுத்தும் படியே இல்லாத ஒரு சின்ன வீட்டை அவர் பேசி வைத்திருந்தார். அது போக மிச்சத்தில் மீன் பிடிக்க ஒரு படகு. எல்லாம் லவோனா சொன்ன தொகையை நம்பி.

விட்டுவிட்டுப் போவது சுலபம். அடுத்த வீட்டிலும் இப்படி ஒன்று வரும், அதையும் விட்டுவிட்டுப் போகலாம். ஒரு வருடத்தில் அவள் இந்தத் தொழிலில் இருக்கமாட்டாள், அல்லது குவின்டனைப் போல இருப்பாள். இரண்டும் வேண்டாம் என்று அந்த நடைபாதையிலேயே தீர்மானம் செய்தாள். மேல்வீட்டு மணியை அழுத்தினாள்.

கெஸ்லர் அவளைச் சமையலறையில் உட்கார வைத்தார். சுவரோரம் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"காபி?"

"வேணாம் சார். முதல்ல நான் சொல்லிடறேன். நான் உங்களுக்குச் சொன்ன விலை தப்பு. கிராவோய்க்கு அந்தப் பக்கத்து விலைய வெச்சு கணக்குப் போட்டுட்டேன். என் தப்பு, உங்க வீட்டுத் தப்பு இல்ல. இன்னொண்ணு. நான் வாங்கிக்கிறேன்னு சொன்னேன். எங்கிட்ட பணம் கிடையாது. வாங்குற ஆளைப் பிடிச்சுக் கொடுக்குறதுதான் என் வேலை."

கெஸ்லர் கையிலெடுத்த காபிக் கோப்பையைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"எந்த ஹைஸ்கூல்?" என்றார்.

இந்த ஊரில் ஒருவர் யார், எங்கே வளர்ந்தவர், எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். லவோனா சொன்னாள்.

"அதான பார்த்தேன். நார்த் கவுண்டி! இந்தத் தெருவுல மூக்கு ஒழுகிட்டுத் திரியுற பயலைக் கேட்டாக்கூட கிராவோய் எங்க இருக்குன்னு சொல்லியிருப்பானே! கேக்கத் தோணல இல்ல?"

"தோணல சார்."

"அறுபத்தெட்டுன்னு நீ சொன்னப்பவே எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்தது. சரி, புதுசா ஏதோ வெலை ஏறியிருக்கு போலன்னு நினைச்சேன்." அவர் குரல் உயர்ந்தது. "படகுக்காரன்கிட்ட முன்பணம் கொடுத்திருக்கேன் நான்! இப்ப வந்து தப்புங்கிற. கைல காசில்லாம வீடு வாங்க வந்தவ நீ. உன்ன என்ன பண்றது?"

"திட்டுங்க. ஆனா ரத்து பண்ணாதீங்க. அக்ரிமென்ட் ஈஸ்டர் வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள நேர்மையான விலைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வர்றேன். நாப்பதுங்கிறாங்க. நாப்பதுக்கு நான் விடமாட்டேன்."

"அப்ப எவ்வளவுக்கு விடுவ, மகாராணி?"

"தெரியல. தெரியாம இனி ஒரு நம்பர் சொல்லமாட்டேன்."

கெஸ்லர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஈஸ்டர் வரைக்கும். அதுக்கப்புறம் இந்தப் படியில உன் கால் பட்டா நான் போலீசைக் கூப்பிடுவேன்."

அதன் பிறகு லவோனா செய்த முதல் காரியம், தன் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தது. குவின்டனைப் போன்றவர்கள் புதுப்பித்து விற்பதற்காக வாங்குகிறார்கள். அவர்களுக்குக் கிரானைட் மேடை வேண்டும், புது ஜன்னல் வேண்டும், ஆட்களுக்குக் கூலி வேண்டும், அதனால்தான் நாற்பது. ஆனால் இந்த வீட்டை யாராவது விற்காமல் வைத்துக்கொண்டால்? கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம், இரண்டு வாடகை. பழுதையும் தன் கையாலேயே பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளாக இருந்தால், அவருக்கு இந்த வீடு நாற்பதுக்கும் மேலே பெறும். அப்படிப்பட்டவர்கள் பீட்சா கடைப் பின்னறைக்கு வருவதில்லை. அவர்களுக்கு மின்கம்பத்தில் அட்டை தொங்கவிடவும் தெரியாது.

தெருத் தெருவாக நடந்தாள். சுவர்க் காரை புதிதாகப் பூசியிருந்த இரண்டு குடும்ப வீடுகளின் மணியை அழுத்தி, "வீட்டுக்காரர் யாருங்க?" என்று கேட்டாள். பாதிப் பேர் கதவையே திறக்கவில்லை. திறந்தவர்களில் ஒருத்தி, "வாடகை கேக்க புது ஆளா? போன மாசத்துது கொடுத்தாச்சுன்னு சொல்லு" என்று கதவைச் சாத்தினாள். ஒரு நாய் லவோனாவின் கோட்டு நுனியைக் கிழித்தது. போனில் அழைத்துப் பேசிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான்; ஆனால் யாருக்கும் இன்னொரு வீடு வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால் வலியோடு காருக்குத் திரும்பும்போது கத்தோலிக்கக் கோயிலைச் சுற்றி ஒரு நீண்ட வரிசை நின்றது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், வெள்ளியன்று இறைச்சி கிடையாது. வெள்ளிதோறும் கோயில் நிலவறையில் மீன் வறுவல் போடுவார்கள்; அந்த வட்டாரமே அங்கேதான் இருக்கும். எண்ணெய் வாசனை தெருமுனை வரை வந்தது. பசியோடு பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு ஒன்று தோன்றியது. ஒவ்வொரு கதவாகத் தட்டி அவள் தேடிக்கொண்டிருந்த தெருக்கள் அத்தனையும் இங்கே ஒரே வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

வரிசையில் சேர்ந்தாள். முன்னால் நின்றவரிடம் ஆரம்பித்தாள்.

"ஐயா, ரெண்டு குடும்ப வீட்டை வாடகைக்கு விடுறவங்க யாரையாவது தெரியுமா?"

"நீ எந்த ஹைஸ்கூல்?"

சொன்னாள். அவர் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு, தனக்கு முன்னால் நின்றவரின் தோளைத் தட்டி, "இந்தப் பொண்ணு என்னமோ கேக்குதுப்பா" என்றார். கேள்வி அவளைவிட வேகமாக முன்னே போனது. நிலவறைப் படியில் இறங்குவதற்குள், "ஃபிக்ரெத்தைக் கேளு, ஃபிக்ரெத்தைக் கேளு" என்று நான்கு பேர் சொல்லியிருந்தார்கள்.

ஃபிக்ரெத் ஒரு மூலை மேசையில், வாய் நிறைய மீனோடு உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு. போஸ்னியாவிலிருந்து வந்து இந்த ஊரின் பாதிச் சுவர்களுக்குக் காரை அடைத்தவர். அந்தக் கோயில் சுவரும் அவர் வேலைதான். லவோனா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அருகே உட்கார்ந்திருந்த மனைவியைக் கட்டைவிரலால் காட்டினார்.

"சுவர்னா நான். வீடுன்னா அவ."

ரமீசா காகித நாப்கினில் கையைத் துடைத்துக்கொண்டு லவோனாவைப் பார்த்தாள். "நீ அந்த மஞ்சள் அட்டைக்காரியா?"

"ஒரு அட்டைகூட மாட்டினது இல்லைங்க."

"ஏன்?"

"அட்டை வாங்கக் காசில்ல."

ரமீசா சிரித்தாள். "கேட்டியா? உண்மையைச் சொல்ற புரோக்கர்! ஒரு மீன் வாங்கிக் கொடு இவளுக்கு."

ஞாயிறன்று இருவரும் வீட்டைப் பார்க்க வந்தார்கள். ஃபிக்ரெத் பின்சுவரில் காதை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். கீழ்வீட்டில் எழும்பிக் கிடந்த தரைப்பலகையைத் தூக்கி அடியில் பார்த்தார். கழிவுக் குழாயில் அவரே கேமரா விட்டார். குழாய் உடைந்திருக்கவில்லை. ரமீசா மேலே ஏறி, ஜன்னல்களைத் திறந்து மூடி, அடுப்பைத் திறந்து பார்த்து, கெஸ்லரின் பெட்டிகளைப் பார்க்காதது போல எண்ணிவிட்டு, கடைசியில் சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை கெஸ்லர் எல்லாருக்கும் காபி ஊற்றினார்.

"இவ கூலியும் சேர்த்து அம்பத்தெட்டு" என்றாள் ரமீசா. "பத்திரச் செலவு எங்களோடது. அதுக்கு மேல ஒரு டாலர் கிடையாது. வாடகைக் கணக்குக்கு அவ்வளவுதான் தாங்கும்."

கெஸ்லரின் முகம் சிவந்தது. "அறுபத்தெட்டுன்னு சொன்னாங்க எங்கிட்ட."

"யார் சொன்னா?"

எல்லாரும் லவோனாவைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றாள் லவோனா. "தப்பாச் சொன்னேன். இவங்க சொல்றது சரியான விலை. வேற யாரும் இதுக்கு மேல தரமாட்டாங்க. நான் கேட்டுப் பார்த்துட்டேன்."

"அந்த அம்பத்தெட்டுல உனக்கு எவ்வளவு?" என்றாள் ரமீசா.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு இந்தத் தொழிலில் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. கிரயத்தன்று காகிதத்தில் பார்க்கும்போதுதான் தெரியும். பல கிரயங்கள் அந்த மேசையிலேயே முறிந்து போவதும் அதனால்தான்.

"பத்தாயிரம்னு நினைச்சு ஆரம்பிச்சேன்" என்றாள் லவோனா. "இப்ப மூணு."

"மூணா!" கெஸ்லர் கோப்பையை வைத்த வேகத்தில் காபி தளும்பியது. "அப்ப எனக்கு அம்பத்தஞ்சு. அம்பத்தேழுக்குக் கீழ ஒரு சல்லி குறைஞ்சாலும் டி சோட்டோ வீடு வராது. படகு போச்சு, போகட்டும். வீடும் போகணுமா?"

ஃபிக்ரெத் ஜன்னல் விளிம்பில் உதிர்ந்த காரையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். லவோனா மனத்துக்குள் கார் தவணையை நினைத்தாள். மூன்று வார நடையை நினைத்தாள். கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"அவருக்கு அம்பத்தேழு. எனக்கு ஆயிரம்" என்றாள்.

ரமீசா வாயைச் சுழித்தாள். "ஆயிரம் எதுக்கு? ஐந்நூறு போதாதா? மீன் வேற வாங்கிக் கொடுத்தோம்."

"மீனுக்கு நன்றி. ஆயிரத்துல கை வைக்காதீங்க மேடம். அவர் விலை குறைஞ்சது என் தப்பால. அதுக்கு நான் விட்டுக் கொடுத்தாச்சு. இந்த ஆயிரம் உங்களைத் தேடிக் கண்டுபிடிச்சதுக்குக் கூலி. கூலியக் குறைக்கமாட்டேன்."

ரமீசா கணவனைப் பார்த்தாள். அவர் காரையைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, "கூலின்னு கேக்குறா. கொடு" என்றார். சுவர் வேலைக்காரருக்கு அந்தச் சொல் விளங்கியது.

கெஸ்லர் திருத்தங்கள் எழுதிய காகிதத்தை நெடுநேரம் படித்தார். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை லவோனாவிடம் நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காத."

"நினைக்கல சார்."

"பதினோராயிரம். நல்ல படகு அது."

லவோனா தன் கையெழுத்தைப் போட்டாள்.

இறங்கும்போது படியில் ரமீசா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் காய்கறி வாங்கி வரச் சொல்கிறவள் மாதிரி பேசினாள். "இங்க பாரு. அடுத்தது பார்த்தா முதல்ல எங்கிட்ட சொல்லு. செங்கல் வீடு, ரெண்டு குடும்பம், கிராவோய்க்கு இந்தப் பக்கம். பின்சுவர் வயிறு தள்ளியிருக்கக் கூடாது. கூரை ஓட்டையா இருந்தாப் பரவாயில்ல, கூரைக்கு என் தம்பி இருக்கான். விலை நான் சொல்லமாட்டேன். வாடகை என்ன வரும்னு நீ விசாரிச்சுச் சொல்லு, விலை தன்னால வந்துடும்."

"மேல்வீடு காலியா இருக்கணுமா, ஆள் இருக்கலாமா?"

"ஒழுங்கா வாடகை கொடுக்கிற ஆளா இருந்தா இருக்கட்டும். நல்ல கேள்வி கேக்குற."

அவர்களுடைய வண்டி திருப்பத்தில் மறைந்தது. லவோனா காரில் ஏறவில்லை. கெஸ்லரின் தெருவுக்கு அடுத்த தெருவில், முன்வாசலில் நனைந்த செய்தித்தாள்கள் குவிந்த ஒரு இரண்டு குடும்ப வீட்டை அவள் நடந்தலைந்த நாட்களில் பார்த்து வைத்திருந்தாள். பின்சந்து வழியாகப் போய் முதலில் பின்சுவரைப் பார்த்தாள். நேராக நின்றது. சந்தில் குப்பை கொட்ட வந்த ஒருவரிடம் இங்கே மேல்வீட்டுக்கு வாடகை எவ்வளவு போகிறது என்று கேட்டாள். அவர் எந்த ஹைஸ்கூல் என்று கேட்டார். சொல்லிவிட்டு, வாடகையையும் தெரிந்துகொண்டு, முன்பக்கம் வந்து கதவைத் தட்டினாள்.

உள்ளிருந்து ஒரு பெண் குரல் கத்தியது. "வீடு வாங்கவா? வேற வேலை இல்ல உங்களுக்கெல்லாம்? போன வாரம் மூணு பேர் வந்துட்டுப் போனாங்க!"

"எங்கிட்ட வாங்கப் பணம் இல்லைங்க" என்று லவோனா கதவைப் பார்த்துச் சொன்னாள். "வாங்குற ஆள் யாருன்னு தெரியும். அவங்களுக்கு என்ன வேணும்னும் தெரியும். உங்களுக்கு விக்கிற எண்ணம் இருக்கா, இல்லையா, அது மட்டும் கேட்டுட்டுப் போறேன்."

உள்ளே செருப்புச் சத்தம் கதவை நோக்கி வந்தது. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு சங்கிலியின் நீளத்துக்குத் திறந்தது.